பாடல் யார் திருமுன் ஒலிக்கிறது?
இல்லத்தில் அமர்ந்து குடும்பமாகக் காணத்தக்க சில இசையரங்குகள்

நாஞ்சில் நாட்டில் இசைக்குப் பஞ்சம் இருந்ததில்லை. வில்லுப்பாட்டின் ஒலி கேளாத சிற்றூர் இங்கு அரிது. பத்து நாள் திருவிழா நடவாத ஆலயமும் அரிது. கோட்டாறு புனித சவேரியார் பேராலயத் திருவிழா என்றால் மாவட்டமே திரண்டு வருகிறது; டிசம்பர் 3-ஆம் நாள் பள்ளிகளுக்கு விடுமுறையும் கிடைக்கிறது. கொடியேற்றம் முதல் தேர்ப்பவனி வரை பாட்டும் கூத்துமாக இரவுகள் கழிந்த காலத்தை முதியோர் இன்றும் நினைவுகூர்வர். 1984 அக்டோபர் 30-ஆம் நாள், இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் நாகர்கோவிலில் தொடங்கப்பெற்றபோது, இம்மண்ணின் குரல்களை இம்மண்ணின் மக்களே தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கேட்கும் பேறு வாய்த்தது.

பின்னர்த் தொலைக்காட்சி வந்தது. அதன் பின் கைப்பேசி வந்தது. முன்பு அரண்மனைகளிலும் பேராலயங்களிலும் பெருநகர அரங்குகளிலும் மட்டுமே காணக் கிடைத்த கச்சேரிகள், இன்று குமரி முனைக் குடிசையிலும் விரல் நுனியில் கிடைக்கின்றன. ஏழை எளியோர்க்கு இது ஒரு பெருங்கொடை என்பதில் ஐயமில்லை.

ஆயினும் நம் இல்லங்களில் நடப்பது என்ன? தந்தை ஒரு திரையில், தாய் மற்றொரு திரையில், பிள்ளைகள் வேறொரு திரையில்! ஒரு பாடல் தொடங்கிப் பல்லவி முடியுமுன் கட்டைவிரல் அதைத் தள்ளிவிடுகிறது. முழுமையாக ஒரு கச்சேரியைக் குடும்பமாக அமர்ந்து கண்டோம் என்று சொல்லக்கூடியவர் எத்தனை பேர்?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் பங்குத் திருவிழாக்கள் இன்று நேரலையாக ஒளிபரப்பாகின்றன. வெளிநாட்டில் உழைக்கும் பிள்ளைகள் தம் ஊர்த் திருவிழாவைக் கண்டு கண்ணீர் மல்குகின்றனர். நல்லதே. ஆனால் பாடகர் குழுவினரின் கண்கள் மெல்ல மெல்லப் பீடத்தினின்று விலகிப் படக்கருவியை நோக்கித் திரும்பத் தொடங்கியுள்ளன. எங்கோ முன்னரே பதிவு செய்த இசைக்கு ஏற்ப வாயசைக்கும் பழக்கமும் சில இடங்களில் புகுந்துள்ளது. இந்நிலையில் நாம் கேட்க வேண்டிய வினா ஒன்று உண்டு: பாடல் யார் திருமுன் ஒலிக்கிறது?

இவ்வினாவுக்குக் காதால் மட்டும் விடை காண இயலாது. கண்ணாலும் காண வேண்டும். பாடுகிறவர் எங்கே அமர்ந்திருக்கிறார், எத்திசை நோக்குகிறார், பாடி முடித்ததும் கைதட்டலை எதிர்பார்க்கிறாரா, மௌனத்தை எதிர்பார்க்கிறாரா என்பதெல்லாம் பார்த்தறிய வேண்டியவை. அந்த நோக்குடன் காணத்தக்க சில இசையரங்குகளை வாசக அன்பர்களுக்கு இங்கே எடுத்துரைக்க விழைகிறோம்.

பத்மநாபபுரத்திலிருந்து புறப்படும் இசை

நம் வீட்டு வாசலிலிருந்தே தொடங்குவோம். ஆண்டுதோறும் நவராத்திரியை ஒட்டி, பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து கலைமகள் திருவுருவும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகக் குழித்துறை, நெய்யாற்றின்கரை வழியே திருவனந்தபுரம் செல்வதை நம்மில் பலர் சாலையோரம் நின்று கண்டிருக்கிறோம். ஊர்வலம் போய்ச் சேரும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதைக் கண்டவர் சிலரே.

அங்கே நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது மாலைகள் இசை நிகழ்கிறது. சுவாதித் திருநாள் மன்னர் (1813–1846) இயற்றிய நவராத்திரிக் கீர்த்தனைகள் ஒன்பதும், நாளுக்கு ஒன்றாக, வகுத்த இராகத்திலேயே அங்கு விரிவாகப் பாடப்பெறுகின்றன. முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி, மூன்றாம் நாள் சாவேரி என்று தொடங்கி, ஒன்பதாம் நாள் ஆரபியில் நிறைவெய்துகிறது. எத்துணைப் பெரிய வித்துவானாயினும் அங்கே தம் விருப்பப்படி அன்றைய இராகத்தை மாற்ற இயலாது. கலைமகள் திருமுன் அமர்ந்து பாட வேண்டும். யாரும் கைதட்டுவதில்லை. இளவரசர் இராமவர்மர் முதலிய கலைஞர்கள் அங்குப் பாடிய கச்சேரிகள் சில காணொளியாகக் கிடைக்கின்றன. விளக்கொளியில் அவற்றைக் காணும்போது நம் மனத்தில் முதலில் பதிவது பாடகரின் திறமையன்று. அந்த மண்டபத்தின் அடக்கமே.

இம்மண்டபத்தின் வரலாற்றில் 2006-ஆம் ஆண்டு மறக்க முடியாதது. அதுவரை பெண்களுக்கு அங்குப் பாட இடமில்லை. அவ்வாண்டு அத்தடையைக் கடந்து அமர்ந்தவர் பாறசாலை பொன்னம்மாள். நம் மாவட்ட எல்லையை ஒட்டிய பாறசாலையில் 1924-இல் பிறந்தவர். திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் இசைக் கல்விக்கூடத்தில் சேர்ந்த முதல் மாணவி. பின்னர் அங்கேயே ஆசிரியையாகவும், திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. கல்லூரியின் முதல்வராகவும் விளங்கியவர். நவராத்திரி மண்டபம் அவருக்குத் திறந்தபோது வயது 81! வாழ்நாள் முழுதும் காத்திருந்த குரல் அது. 2017-இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2021 ஜூன் 22-ஆம் நாள் மறைந்தார். அவருடைய முதுமைக் காலக் கச்சேரிகள் பல பதிவாகியுள்ளன. ஆடம்பரமின்றி, முகச்சுளிப்பின்றி, சுருதியோடு ஒன்றி அவர் பாடுவதை நம் பெண்மக்கள் கட்டாயம் காண வேண்டும். வயதான பின் இனி என்ன என்று ஒதுங்கும் தாய்மாருக்கும் அவர் ஒரு நல்ல பாடம்.

கத்தோலிக்கக் குடும்பம் இதைக் காணலாமா என்று சிலர் வினவக்கூடும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட, பிற சமயங்களைப் பற்றிய ஏடு, அவற்றில் உள்ள உண்மையும் தூய்மையுமானவற்றைத் திருச்சபை தள்ளிவிடுவதில்லை எனத் தெளிவாகக் கூறுகிறது. அதற்கு ஈராண்டு முன்னர் வந்த திருவழிபாட்டு ஏடும், அந்தந்த நாட்டு மக்களின் இசை மரபுக்கு உரிய மதிப்பளிக்குமாறு பணிக்கிறது. அண்டை வீட்டார் தம் இறைநம்பிக்கையை எவ்வளவு அடக்கத்தோடு பாடுகின்றனர் என்று காண்பதால் நம் நம்பிக்கை குறைந்துவிடாது. நம் பாட்டில் அந்த அடக்கம் உண்டா என்ற கேள்வியே எழும்.

கொச்சிக் கடற்கரையின் மைந்தர்

இம்மரபில் நம்மவர் ஒருவரும் உண்டு. 1940 சனவரி 10-ஆம் நாள் கொச்சிக் கோட்டையில் இலத்தீன் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த கே. ஜே. யேசுதாஸ் அவர்களைத் திரைப்பாடகராக அறியாதவர் இல்லை. அவர் தந்தை அகஸ்டின் ஜோசப் நாடக மேடையின் புகழ்பெற்ற நடிகர், பாடகர். கடற்கரைக் கத்தோலிக்கச் சிறுவன் ஒருவன், ஆர்.எல்.வி. கல்லூரியில் கருநாடக இசை பயின்று, செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடனாகி, கச்சேரி மேடையில் முழு நேர வித்துவானாக அமர்ந்தது சிறிய செயலன்று.

அவர்தம் திரைப்பாடல்களை விடுத்து, முழுநீளக் கருநாடகக் கச்சேரி ஒன்றினைக் காணுங்கள். வெண்ணிற உடை, அசையாத அமர்வு, கண்மூடிய முகம். ஒரு இராகத்தை விரிக்கையில் அவர் அவசரப்படுவதில்லை. மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனம் வாசிக்கையில் கையால் தாளமிட்டு அவரை உற்சாகப்படுத்துகிறார். பிறர் பாடும் நேரத்தில் நாம் என்ன செய்ய வேண்டும் என்பதை நம் பாடகர் குழு இளைஞர்கள் இங்கே கற்கலாம். கருநாடக இசை நமக்கு அந்நியம் என்று கருதுவோர், மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை (1826–1889) என்ற கத்தோலிக்கப் பெரியார் இயற்றிய சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் இன்றும் கச்சேரி மேடைகளில் பாடப்படுவதை அறிந்தால் தம் எண்ணத்தை மாற்றிக்கொள்வர்.

நமக்கும் ஓர் இசை நாடகம் உண்டு

மேலைநாட்டார் 'ஓபரா' என்று ஒன்றைப் போற்றுவர். அது முழுவதும் பாட்டாலேயே கதை நடத்தும் நாடகம். வசனம் பேசுவதற்குப் பதில் அரசனும் ஆண்டியும், காதலனும் கொலைஞனும் பாடியே உரையாடுவர். இதைக் கேட்டதும் இது நமக்கு எட்டாத பொருள் என்று எண்ண வேண்டா. விடிய விடியப் பாட்டால் கதை நடத்தும் கலை நம்மிடமும் உண்டு.

கொச்சி, கொடுங்கல்லூர்க் கரையோரத்து இலத்தீன் கத்தோலிக்கர் ஆடும் சவிட்டு நாடகத்தைக் காணொளியில் பாருங்கள். போர்த்துக்கீசியர் வந்த பின் உருவான கலை அது. மணிமுடியும் மின்னும் சட்டையும் வாளுமாக ஐரோப்பிய அரசர் போல் வேடமிட்டு, பலகை மேடை அதிரக் காலால் மிதித்துப் பாடி ஆடுகின்றனர். செண்டையும் இலைத்தாளமும் முழங்குகின்றன. அவர்களுடைய பெருங்கதை 'காறல்மான் சரிதம்'; பிரெஞ்சு நாட்டுப் பேரரசர் சார்லமேனின் வரலாறு. பாடல்களின் மொழியோ தமிழும் மலையாளமும் கலந்தது! இக்கலையின் முன்னோடியாகப் போற்றப்படுபவர் சின்னத்தம்பி அண்ணாவி. அண்ணாவி என்னும் சொல்லே தமிழ்க் கூத்து மரபின் சொல் அன்றோ?

அதே சொல் கடலுக்கு அப்பாலும் வழங்குகிறது. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கத்தோலிக்க மக்கள் ஆடும் நாட்டுக்கூத்தைப் பழக்குபவரும் அண்ணாவியாரே. மன்னாரின் 'மூவிராசாக்கள் வாசாப்பு' கிறிஸ்து பிறப்பைக் காண வந்த ஞானிகளின் கதை. மரியசேவியர் அடிகளார் 1965-இல் தோற்றுவித்த யாழ்ப்பாணத் திருமறைக் கலாமன்றம், ஆண்டவரின் பாடுகளைப் பெருமேடையில் நிகழ்த்திப் புகழ்பெற்றது. போர் சூழ்ந்த ஆண்டுகளிலும் அம்மன்றம் தன் பணியை நிறுத்தவில்லை.

இவற்றையெல்லாம் விட நம் நெஞ்சுக்கு நெருக்கமான கதை ஒன்றுண்டு. நட்டாலத்தில் 1712-இல் பிறந்து, பத்மநாபபுரம் அரண்மனையில் அலுவல் பார்த்து, 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, 1752 சனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுடப்பட்டு உயிர்நீத்த மறைசாட்சி தேவசகாயம், 2022 மே 15-ஆம் நாள் உரோமையில் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டார். திருச்சபை அவரைப் பீடத்தில் ஏற்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே நாடகமாகவும் கூத்தாகவும் பாடி வைத்தவர்கள் எளிய மக்கள். இந்த நினைவோடு இனி மேலைநாட்டு மேடை ஒன்றைக் காண்போம்.

குரல்கள் ஒவ்வொன்றாய் ஓய்கையில்

பிரெஞ்சுப் புரட்சியின் கொடுமை உச்சத்தில் இருந்த 1794 சூலை 17-ஆம் நாள், கொம்பியேஞ் நகரக் கார்மேல் மடத்தைச் சேர்ந்த பதினாறு பேர் பாரிசில் கில்லட்டின் என்னும் வெட்டுப்பொறிக்கு இரையாயினர். கொலைக்களத்திற்குப் பாடிக்கொண்டே சென்றனர் என்பது வரலாறு. 1906-இல் அருளாளராக உயர்த்தப்பட்ட இவர்களைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2024 டிசம்பரில் புனிதர் வரிசையில் சேர்த்தார்.

இவ்வரலாற்றைத் தழுவி செருமானியப் பெண் எழுத்தாளர் கெர்த்ருத் ஃபொன் லெ ஃபோர்ட் 1931-இல் ஒரு குறுநாவல் எழுதினார். அதை உரையாடலாக்கினார் பிரெஞ்சு எழுத்தாளர் பெர்னனோஸ். அவ்வுரையாடலுக்கு இசையமைத்தார் பூலாங்க். 'கார்மேல் கன்னியரின் உரையாடல்கள்' என்னும் இந்த ஓபரா 1957 சனவரியில் இத்தாலியின் மிலான் நகரில் முதன்முறை அரங்கேறியது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில் 1987-இல் ஆங்கிலத்தில் நிகழ்த்தப்பட்டுப் படமாக்கப்பட்ட வடிவம் நம் இல்லங்களுக்கு ஏற்றது. மேடையில் மாளிகை இல்லை, ஓவியத் திரை இல்லை. வெண்ணிறச் சிலுவை வடிவில் ஒரு தளம். தொடக்கத்தில் கன்னியர் அதன்மீது முகங்குப்புறக் கிடக்கின்றனர். அவ்வளவே.

கதையின் நடுநாயகம் பிளான்ஷ் என்னும் இளம்பெண். இவள் நாவலாசிரியையின் கற்பனை. இவளுடைய நோய் அச்சம். நிழலைக் கண்டாலும் நடுங்குவாள். உலகை அஞ்சி மடத்தில் நுழைகிறாள். மரணத்தை அஞ்சி மடத்தை விட்டும் ஓடுகிறாள். இறுதிக் காட்சியில் கன்னியர் 'சால்வே ரெஜினா' என்னும் அன்னையின் பாடலைப் பாடியபடி ஒருவர் பின் ஒருவராகக் கொலைக்களம் ஏறுகின்றனர். வெட்டுப்பொறி விழும் ஓசை கேட்கும்போதெல்லாம் பாட்டில் ஒரு குரல் குறைகிறது. பதினைந்து, பத்து, ஐந்து... கடைசியில் ஒரே குரல். அக்குரலும் ஓயும் வேளையில், கூட்டத்திலிருந்து பிளான்ஷ் தானாக வெளிப்படுகிறாள். அச்சம் நீங்கிய முகத்துடன், தூய ஆவியாரை அழைக்கும் பழம்பாடலின் இறுதியைப் பாடிக்கொண்டே தன் சகோதரியரைப் பின்தொடர்கிறாள். உண்மை வரலாற்றில் இளைய நவசந்நியாசி முதலிலும் மடத்தலைவி இறுதியிலும் உயிரீந்தனர்; ஓபராவில் வரிசை மாறுகிறது.

இதில் மடத்தலைவியாகப் பாடும் ஜெஸ்ஸி நார்மன், இறக்கும் முதிய தலைவியாக நடிக்கும் ரெழின் கிரெஸ்பேன், பிளான்ஷாக வரும் மரியா யூயிங் ஆகியோரின் குரல்கள் காதுக்கு விருந்து. ஆனால் நெஞ்சை அறுப்பது குரல் ஓய்கிற அந்த மௌனமே. அதை ஒலிப்பேழையில் கேட்பதைவிடக் கண்ணால் காண்பதே முறை. அவர்கள் கொலைஞரை நோக்கியும் பாடவில்லை, கூட்டத்தை நோக்கியும் பாடவில்லை. இரண்டரை மணி நேரத்திற்கும் மேலான இந்நாடகத்தைத் தவக்காலத்தில் இரண்டு மூன்று மாலைகளாகப் பிரித்துக் காணலாம். சிறு குழந்தைகளுக்கு ஏற்றதன்று; வளர்ந்த பிள்ளைகள் காணட்டும். பார்த்தபின் நம் காற்றாடிமலையைப் பற்றியும் அவர்களிடம் பேசுங்கள்.

ஊன்றுகோலைக் கொடுத்த சிறுவன்

குழந்தைகளுக்கென்றே ஓர் அழகிய சிறு ஓபரா உண்டு. 1951 டிசம்பர் 24-ஆம் நாள் அமெரிக்கத் தொலைக்காட்சியில் முதன்முறை ஒளிபரப்பான 'அமாலும் இரவு விருந்தினரும்'. மெனோட்டி என்னும் இசையறிஞர் தொலைக்காட்சிக்கென்றே இயற்றியது. ஏறத்தாழ 50 நிமிடமே நீள்வது.

அமால் கால் ஊனமுற்ற ஏழைச் சிறுவன். தாய் கைம்பெண். விண்மீனைத் தொடர்ந்து செல்லும் மூன்று அரசர்கள் ஓரிரவு அவர்கள் குடிசையில் தங்குகின்றனர். அரசர்கள் பிறந்துள்ள பாலகனுக்கெனக் கொண்டு செல்லும் பொன்னைக் கண்ட தாய், பசித்திருக்கும் தன் பிள்ளையை நினைத்து, அவர்கள் உறங்குகையில் அதில் கை வைக்கிறாள். பிடிபடுகிறாள். அரசர்கள் அவளைத் தண்டிக்கவில்லை. பொன்னை வைத்துக்கொள் என்கின்றனர். அவர்கள் தேடிச் செல்லும் அரசரின் இயல்பைக் கேட்டறிந்த தாய், பொன்னைத் திருப்பித் தருகிறாள். அமாலிடம் கொடுக்க என்ன இருக்கிறது? தன் ஊன்றுகோலை நீட்டுகிறான். நீட்டிய கணமே அவன் கால் குணமாகிறது.

1978-இல் படமாக்கப்பட்ட வடிவில் தெரசா ஸ்ட்ராட்டாஸ் தாயாகப் பாடுகிறார். பொன்னருகே அவள் கை நடுங்குவதைப் பாருங்கள். வறுமையை அறிந்த எந்தத் தாயும் அவளைத் திருடி என்று சொல்லத் துணியாள். பாடல்கள் ஆங்கிலம்; கதையை முன்னரே தமிழில் சொல்லிவிட்டால் ஐந்து வயதுக் குழந்தையும் புரிந்துகொள்ளும். திருவருகைக் காலத்தில் குடில் கட்டும் மாலை நேரம் இதற்கு உகந்தது. மன்னார் மக்களின் மூவிராசாக்களும் மெனோட்டியின் மூன்று அரசர்களும் ஒரே விண்மீனைத்தான் பின்பற்றினர் என்பதைப் பிள்ளைகள் உணர்வர்.

பீடத்திற்குத் திரும்பிய இசை

மோட்சார்ட் என்னும் மேதை 1779-இல் சால்ஸ்பர்க் நகரில் இயற்றிய 'முடிசூட்டுத் திருப்பலி' இசை, பிற்காலத்தில் கச்சேரி மேடைகளிலும் ஒலித்து வந்தது. திருப்பலிக்காகப் பிறந்த இசையைச் சீட்டு வாங்கி அமர்ந்து கேட்டுக் கைதட்டினர் மக்கள். 1985 சூன் 29-ஆம் நாள், புனிதர் பேதுரு, பவுல் பெருவிழாவன்று, உரோமைப் புனித பேதுரு பேராலயத்தில் அது தன் இடத்திற்குத் திரும்பியது. திருத்தந்தை இரண்டாம் ஜான்பால் திருப்பலி நிறைவேற்ற, ஹெர்பர்ட் ஃபொன் கராயன் வியன்னா இசைக்குழுவை நடத்தினார். ஏழு மாதங்கள் கழித்து, 1986 பிப்ரவரியில் சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் நாம் கண்டு மகிழ்ந்த அதே திருத்தந்தை!

இப்பதிவில் காண வேண்டியது யாது? உலகப் புகழ்பெற்ற இசை இயக்குநர் இங்கே நிகழ்ச்சியின் நாயகர் அல்லர். 'கிளோரியா' முடிகிறது, கைதட்டல் இல்லை, திருத்தந்தை எழுந்து செபிக்கிறார். வாசகம் வருகிறது, இசைக்கருவிகள் காத்திருக்கின்றன. எவ்வளவு பெரிய இசையானாலும் வழிபாட்டில் அது பணியாள். இதைவிடத் தெளிவாக நம் பங்குப் பாடகர் குழுவினருக்கு எடுத்துக்காட்ட வேறு பாடம் தேவையில்லை.

சாம்பலின் நடுவே

இறுதியாக ஒன்று. 1992 ஆகஸ்டில் போஸ்னிய நாட்டு சரயேவோ நகரின் தேசிய நூலகம் குண்டுவீச்சுக்கு இரையாகி எரிந்தது. எண்ணற்ற நூல்கள் சாம்பலாயின. முற்றுகை நீங்காத நிலையிலேயே, 1994 சூன் 19-ஆம் நாள், அந்த நூலகத்தின் இடிபாடுகளுக்கு நடுவே, மோட்சார்ட்டின் இறந்தோர் திருப்பலி இசை ஒலித்தது. நடத்தியவர் நம் நாட்டவர்: 1936-இல் பம்பாயில் பார்சிக் குடும்பத்தில் பிறந்து, அந்நகரின் புனித சவேரியார் கல்லூரியில் பயின்ற ஜுபின் மேத்தா. வாசித்தவர்களும் பாடிய குழுவினரும் அந்நகரத்தவர். அவர்களோடு ஹோசே கரேராஸ் முதலிய பெரும் பாடகர் சிலர் வந்து சேர்ந்து பாடினர்.

இந்த இசையே முற்றுப்பெறாத ஒன்று. 1791 டிசம்பர் 5-ஆம் நாள் இதை முடிக்காமலே மோட்சார்ட் மறைந்தார். அவருடைய உதவியாளர் சூஸ்மையர் நிறைவு செய்தார். கூரையிழந்த சுவர்களுக்கு இடையே அது ஒலிப்பதைக் காணுங்கள். பாடியவர்களுள் துயரம் அறியாதவர் யார் இருந்திருக்க முடியும்? நவம்பர் மாதம் இறந்தோரை நினைவுகூரும் நாள்களில், ஒரு மணி நேர அளவான இவ்விசையைக் குடும்பமாகக் கண்டு, நம் வீட்டில் மறைந்தோரின் பெயர்களைச் சொல்லிச் செபிக்கலாம். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலைக்குத் தம் உறவுகளைப் பறிகொடுத்த குளச்சல், மணக்குடி முதலிய கரையோர ஊர்களின் இல்லங்களுக்கு இவ்விசை அந்நியமாகத் தோன்றாது.

எவ்வாறு காண்பது?

நல்ல இசையரங்கைக் காணவும் ஓர் ஒழுங்கு வேண்டும். சில குறிப்புகளைப் பணிவுடன் தருகிறோம்.

வாரத்தில் ஒரு மாலை, குடும்ப செபமாலைக்குப் பின் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கைப்பேசியின் சிறு திரையில் ஆளுக்கொரு மூலையில் காணாமல், தொலைக்காட்சிப் பெட்டியில் இணைத்து அனைவரும் ஒன்றாக அமருங்கள். மற்றக் கைப்பேசிகள் அந்நேரம் ஓய்வெடுக்கட்டும்.

காணுமுன் கதையையோ நிகழ்ச்சியின் பின்னணியையோ ஐந்து நிமிடம் ஒருவர் எடுத்துரைக்கட்டும். வீட்டிலுள்ள பள்ளி மாணவனிடம் அப்பொறுப்பைக் கொடுத்தால் அவன் முன்கூட்டியே படித்து வருவான். இடையில் தள்ளிவிட்டுப் பார்க்காதீர்கள். முடிந்தபின் உடனே எழாமல் ஒரு நிமிடம் மௌனமாக அமருங்கள். பின்னர் நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவை அவரவர் சொந்தச் சொல்லில் விவாதியுங்கள்.

ஒன்றை மறவாதிருப்போம். காண்பது வேறு, பங்கேற்பது வேறு. 2020-இல் பெருந்தொற்றால் ஆலயக் கதவுகள் மூடியிருந்தபோது திரையில் திருப்பலி கண்டு ஆறுதலடைந்தோம். ஆயினும் நற்கருணைப் பசி திரையால் தீரவில்லை. இசையும் அவ்வாறே. பதிவைப் பார்ப்பது நம்மைப் பாடத் தூண்ட வேண்டும். பார்த்துவிட்டு ஆலயத்தில் வாய்மூடி நின்றால் பயனில்லை.

இன்னொரு கடமையும் நமக்குண்டு. நியூயார்க்கிலும் உரோமையிலும் நிகழ்ந்தவை பதிவாகிக் காக்கப்பட்டுள்ளன. நம் ஊர்க் கூத்துப் பாட்டும், தவக்கால ஒப்பாரிப் பாடலும், தேவசகாயம் நாடகப் பாட்டும் எத்தனை பதிவாகியுள்ளன? முழுப் பாட்டையும் நினைவில் வைத்திருக்கும் பாட்டியும் பாட்டனும் இன்று ஊருக்கு ஒருவர் இருவரே எஞ்சியுள்ளனர். கார்மேல் கன்னியரின் பாட்டில் குரல்கள் ஒவ்வொன்றாய் ஓய்ந்தது போல இங்கும் ஓய்ந்துகொண்டிருக்கின்றன. விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டா. கையிலுள்ள கைப்பேசியே போதும். வரும் ஞாயிறு திருப்பலிக்குப் பின், உங்கள் ஊரின் மூத்த பாடகர் ஒருவரை நாடிச் செல்லுங்கள். அவர் அருகில் அமர்ந்து, அவசரப்படுத்தாமல், பாட்டு முடியும் வரை பதிவு செய்யுங்கள். அவர் படக்கருவியைப் பார்க்க வேண்டியதில்லை. எப்போதும் எத்திசை நோக்கிப் பாடினாரோ, அத்திசை நோக்கியே பாடட்டும்.